வீக்கத்துக்கு அளவெடுத்தவர்

இடது கைப் பெருவிரல் துணியை மேசையோடு அழுத்திப் பிடித்திருக்க, வலது கை கத்தரியைச் சோக்குக் கோட்டின் மேல் நிதானமாக நடத்திக்கொண்டு போனது. துணி முரண்டு பிடித்தது. வெட்டிய ஓரமெல்லாம் சுருண்டு எழுந்தது. கோட்டுத் துணியும் காற்சட்டைத் துணியும் வெட்டிப் பழகிய கைகளுக்கு இந்த இழுவைத் துணி புதிது. உள்ளாடை தைக்கும் தொழிற்சாலையில் மிஞ்சிய வெட்டு. அதன் நிறத்துக்கு அங்கே தோல் நிறம் என்று பெயர். மாத்தளை மாவட்டத்தில் அந்தத் தோலோடு இதுவரை ஒருவரும் பிறந்ததில்லை. கைகள் அதைப் பொருட்படுத்தவில்லை. நீளமாக ஒரு சட்டைக்கை, மேல் முனையில் அகலமான எலாஸ்டிக் பட்டி, மணிக்கட்டில் தாராளமான இளக்கம். பின்னேர அசர் தொழுகைக்கு முன் வேலை முடிந்தது. கைகள் அதை வெளிச்சத்துக்கு நேரே தூக்கி, திருப்பித் திருப்பிப் பார்த்து, தம்மைத் தாமே மெச்சிக்கொண்டன.

அந்தக் கைகளுக்கு உரியவர் ஜைனுதீன். பலாபத்வலையில் பெரிய வீதியோரம் தையல்கடை வைத்திருப்பவர். யாழ்ப்பாணம் போகும் பஸ்கள் கடந்து போகையில் கடையின் தகரக் கூரை அதிரும், மெஷின் அதிரும், அவருடைய தையல் மட்டும் அதிராது. இளம் வயதில் மாத்தளை டவுனில் ஹாஷிம் மாஸ்டரிடம் வேலைக்குச் சேர்ந்தார். மாஸ்டர் துணி வெட்டும்போது யாரும் பார்த்துவிடாதபடி முதுகைத் திருப்பிக்கொள்வார். ஜைனுதீன் அந்த முதுகைப் பார்த்தே வெட்டக் கற்றுக்கொண்டார். தோள்பட்டை எந்தப் பக்கம் சாய்கிறது, முழங்கை எவ்வளவு தூரம் போகிறது என்று கவனித்து, வீட்டுக்கு வந்து பழைய பத்திரிகைத் தாளில் வெட்டிப் பார்ப்பார். இப்படிக் கற்றதால் அவருக்கு இரண்டு குணங்கள் படிந்தன. பொறுமை ஒன்று. தனக்கு யாரும் எதையும் சொல்லத் தேவையில்லை என்ற நம்பிக்கை மற்றது.

அவர் தைத்த உடுப்புப் பொருந்தாமல் போனதே கிடையாது. பொருந்தாமல் போனது எப்போதும் உடம்புதான். பல்லேபொலையிலிருந்து வந்த அக்ரம் என்ற மாப்பிள்ளை, நிக்காஹ்வுக்கு முதல் வாரம், கோட்டைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்று முகம் சுளித்தார்.

"நாநா, இடது பக்கம் தூக்கிட்டு நிக்குதே?"

"கோட் நேராத்தான் ஈக்கு. உங்கட தோள்தான் ஒரு பக்கம் தாழ்ந்திருக்கு. இவ்வளவு நாளும் யாரும் சொல்லலியா?"

"இல்லியே."

"பொண்ணு வீட்டுக்காரங்களுக்குத் தெரிய முந்தி நான் சொல்லிட்டேன், பாருங்க."

மாப்பிள்ளை நன்றி சொல்லிவிட்டுப் போனார். நிக்காஹ் படங்கள் எல்லாவற்றிலும் அவர் ஒரு தோளைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்.

இந்த நம்பிக்கையோடு ஜைனுதீன் நிம்மதியாகக் காலம் கழித்திருப்பார். அவருடைய மனைவி ஸரீனாவின் வலது கை குறுக்கே வந்துவிட்டது.

ஸரீனா இடியப்பம் பிழிந்து விற்பவள். விடியலில் அவளுடைய இடியப்ப உரல் பிழியத் தொடங்கினால்தான் அந்தப் பக்கத்து வீடுகளில் பலருக்குப் பசிக்கும். சில வருடங்களுக்கு முன் மார்பில் கட்டி வந்து சத்திரசிகிச்சை செய்தார்கள். கட்டியோடு அக்குளில் இருந்த நிணநீர் முடிச்சுகளையும் எடுத்தார்கள். கட்டி போனது, உயிர் நின்றது, எல்லோரும் துஆச் செய்தார்கள், சாப்பாடு கொடுத்தார்கள், மறந்தார்கள். போன வருடம் நோன்பு முடிந்த கையோடு அவளுடைய வலது கை மெல்லப் பருக்க ஆரம்பித்தது. முதலில் வளையல் இறுகியது. பிறகு சட்டைக்கை இறுகியது. ஜைனுதீன் சட்டைக்கையை அகலமாக்கிக் கொடுத்தார். தன் கடமை முடிந்தது என்று நினைத்துக்கொண்டார்.

வீங்கிய கையைப் பார்க்க வருவோருக்கு வைத்தியம் தெரிந்திருப்பது அவசியம் என்று எங்கேயோ சட்டம் இருக்க வேண்டும். அடுத்த வீட்டு நுஸ்ரா ராத்தா அதை மதித்து நடப்பவர்.

"ஸரீனா, கைல தண்ணி இறங்கியிருக்கு. நீ தண்ணி குடிக்கிறத விடு."

"தாகமெடுத்தா?"

"நாக்க நனைச்சிக்கோ. கையையும் ஆட்டாத. ஆட்டினா தண்ணி தளும்பும்."

அதன்படி கை தலையணை மேல் வைக்கப்பட்டது. சம்பந்தி வீட்டிலிருந்து வந்த பெரிய மனுஷியைப் போல அது நாள் முழுக்க அங்கே வீற்றிருந்தது. உரல் அலமாரிக்கு மேல் போனது. கை நன்றாக ஓய்வெடுத்து, நன்றாகச் சாப்பிட்ட ஆளைப் போல இன்னும் கொழுத்தது.

கடைசியில் ஸரீனா தானே பஸ் ஏறி டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கே சாம்பவி என்ற பிசியோதெரபிஸ்ட் இருந்தார். யாழ்ப்பாணத்துப் பெண்; மாற்றலாகி வந்தவர். இதற்கென்று அழுத்தச் சட்டைக்கை ஒன்று இருப்பதாகச் சொல்லி, கொழும்பிலிருந்து வரும் ஆயத்தச் சட்டைக்கைகளை எடுத்துப் போட்டுப் பார்த்தார். ஸரீனாவுக்கு மணிக்கட்டு மெலிது, மேற்கை பெரிது. ஒன்று கீழே தொளதொளத்தது. இன்னொன்று மேலே ஏறவேயில்லை. தன் புருஷன் தையல்காரர் என்றாள் ஸரீனா. சாம்பவி யோசித்துவிட்டு ஜைனுதீனுக்கு ஒரு படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி, குரல் பதிவும் போட்டார். விடிய எழும்பின உடன் அளவெடுக்க வேண்டும். தைத்ததைத் தன்னிடம் காட்டாமல் கையில் ஏற்றக் கூடாது.

ஜைனுதீன் படத்தைப் பார்த்தார். குரல் பதிவைக் கேட்கவில்லை. சட்டைக்கை எப்படித் தைப்பது என்று ஒருவர் பேசி விளக்குவதைக் கேட்கும் அளவுக்கு அவர் இன்னும் தாழ்ந்துவிடவில்லை. கடையை மூடிவிட்டு வந்து, பொழுது சாயும் வேளையில், தலையணையில் இருந்தபடியே கையை அளந்தார். மறுநாள் தைத்தார். அதைத்தான் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அன்று பின்னேரமே அது ஸரீனாவின் கையில் ஏறியது. அழகாக இருந்தது. மேலே எலாஸ்டிக் கவ்விப் பிடித்ததால் இம்மியும் சறுக்கவில்லை. மறுநாள் காலை விடிந்தபோது மேற்கையில் பட்டி பதிந்த இடம் கயிறு கட்டினாற்போலக் குழிந்திருந்தது. அதற்குக் கீழே கை பருத்து, புறங்கை பேக்கரிப் பணிஸ் போல உப்பி, விரல்கள் மடங்க மறுத்தன.

ஜைனுதீன் குனிந்து பார்த்தார். தையலைத் தடவினார். ஓரங்களைச் சரிபார்த்தார். எல்லாம் ஒழுங்காகவே இருந்தது.

"உன்ட கைதான் சரியில்ல, ஸரீனா."

"அது எனக்குத் தெரியும். அதுக்குத்தானே இதைத் தைச்சீங்க."

ஒருமுறை பார்த்து முடித்த தையலை அவர் மறுபடியும் பார்த்தார். நீண்ட தொழில் வாழ்க்கையில் இது அவருக்கு முதல் அனுபவம்.

ஸரீனா கத்தவில்லை. சட்டைக்கையைக் கழற்றி, மடித்து, அவருடைய மடியில் வைத்தாள். "இனி நீங்க தைக்கிற ஒண்ணும் என்ட கைல ஏறாது," என்றாள். பிறகு கதவுப் பிடியைத் திருகப் போனாள். விரல்கள் அதைப் பிடிக்கவில்லை. இடது கையால் திறந்துகொண்டு ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டாள். அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஜைனுதீன் அன்று கடையைத் திறக்காமல், சட்டைக்கையைப் பையில் போட்டுக்கொண்டு, அவளுக்குப் பின்னாலேயே பஸ் ஏறினார்.

பிசியோதெரபி அறையில் சாம்பவி அதை விரித்துப் பார்த்தார்.

"அண்ணை, இது ஆர் தைச்சது?"

"நான்தான்." பெருமையை அவர் அந்த நிலையிலும் முழுதாக மறைக்கவில்லை.

"நல்ல தையல். கடையில தொங்கவிடலாம். கையில போடேலாது. மேல எலாஸ்டிக் ஏன் வைச்சனீங்கள்?"

"இல்லாட்டி சறுக்கிடுமே."

"கீழ ஏன் லூஸ்?"

"மணிக்கட்டு இறுகினா ஆளுக்கு எரிச்சல் வரும். எந்த டெய்லரும் அப்புடித்தான் வைப்பான்."

"அப்ப நீங்கள் மேல் கதவைப் பூட்டிப்போட்டு, கீழ ஆக்களை உள்ள வரச் சொல்லியிருக்கிறியள். அவை எந்தப் பக்கத்தால வெளியில போறது?"

பிறகு சாம்பவி ஜைனுதீனை ஒரு ஸ்டூலில் உட்கார வைத்துச் சொன்னார். குரல் பதிவாக வந்திருந்தால் அவர் கேட்டிருக்க மாட்டார். ஸ்டூலில் உட்கார்ந்தபின் வேறு வழியில்லை.

உடம்பில் எல்லா மரியாதையும் இதயத்துக்குத்தான். அதற்கு அலங்காரம் உண்டு, வாழ்த்து அட்டை உண்டு, படம் வரைந்து அம்பு விடுவதும் உண்டு. சத்தியம் செய்கிறவர்கள் நெஞ்சில் கை வைக்கிறார்கள். அக்குளில் கை வைத்து இதுவரை ஒருவரும் சத்தியம் செய்யவில்லை. ஆனால் இதயம் பெருந்தன்மையாகத் தள்ளிவிடும் இரத்தம், மயிரிழையிலும் மெல்லிய குழாய்களுக்குள் போகும்போது, அதன் தண்ணீர்ப் பகுதி சுவர் வழியே கசிந்து சதைக்குள் போகிறது. அப்படித்தான் சதைக்குச் சாப்பாடு கிடைக்கிறது. கசிந்ததில் மிஞ்சுவது நாளொன்றுக்குச் சில லீட்டர். அதை யாராவது பொறுக்கியெடுத்துத் திருப்பி இரத்தத்தில் சேர்க்க வேண்டும். இதயம் அந்த வேலைக்கு வராது, பெரிய இடம். நிணநீர்க் குழாய்கள் என்ற ஒரு கூட்டம் அதைச் சத்தமில்லாமல் செய்கிறது. கசிந்த நீரை, அதில் மிதக்கும் புரதத்தை, வழியில் அகப்படும் கிருமியை எல்லாம் அவையே அள்ளிக்கொண்டு போகின்றன. கல்யாண வீட்டில் தின்ற வட்டிலப்பத்தின் கொழுப்பைக் குடலிலிருந்து ஏற்றிக்கொண்டு போவதும் அவைதான். போகும் வழியில் அக்குளிலும் கவட்டிலும் கழுத்திலும் முடிச்சுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு சோதனைச் சாவடி. கிருமியை அங்கே நிறுத்தி விசாரிப்பார்கள். நம் நாட்டுச் சாவடிகளைப் போலன்றி, அங்கே குற்றவாளி மட்டும்தான் பிடிபடுவான். கடைசியில் எல்லாம் கழுத்தடியில், காறை எலும்புக்குப் பின்னால் ஓடும் பெரிய நாளத்தில் போய் விழும்.

"இதுக்குப் பம்ப் ஒண்டும் இல்லையோ?" ஜைனுதீன் சாம்பவியின் பேச்சிலேயே கேட்டுவிட்டார்.

"இதயம் மாதிரி ஒண்டு இல்லை, அண்ணை. குழாய்ச் சுவர் தானே கொஞ்சம் சுருங்கி விரியும். மிச்சமெல்லாம் நீங்கள் கை ஆட்டுறது, நடக்கிறது, மூச்சு விடுறது. சதை சுருங்கேக்க குழாய் நசுங்கும், நீர் மேல போகும். உள்ளுக்குச் சின்னச் சின்ன அடைப்பிதழ் இருக்கு. ஏறினது திரும்ப இறங்காது. அக்காக்கு அக்குள் முடிச்சுகள எடுத்தாச்சு. பெரிய ரோட்டு மூடியாச்சு. மிச்சமிருக்கிற ஒழுங்கைகளால சுத்திப் போக வேணும். அதுக்குக் கீழ இருந்து மேல அமத்திக் குடுக்க வேணும். மணிக்கட்டில கூட இறுக்கம், மேல போகப் போகக் குறைவு. நீங்கள் தலைகீழாத் தைச்சிருக்கிறியள்."

ஸரீனா ஜைனுதீனைப் பார்த்தாள்.

"இவருக்கு இது விளங்காது, மிஸ். பற்பசை டியூபையே நடுவுல அமுக்குற ஆள். ஒவ்வொரு நாளும் நான்தான் அடில இருந்து தள்ளித் தள்ளிக் கொண்டுவாறேன்."

சாம்பவிக்குச் சிரிப்பு அடங்கச் சற்று நேரமெடுத்தது. ஜைனுதீன் சிரிக்கவில்லை. அவருக்கு விளங்கிவிட்டது, அதனால்தான் சிரிப்பு வரவில்லை.

"எப்ப அளவெடுத்தனீங்கள்?"

"கடை மூடிட்டு வந்து, பொழுது படுற நேரம்."

"அப்ப நீங்கள் கையை அளக்கேல்லை, வீக்கத்தை அளந்திருக்கிறியள். அண்டைக்கு முழுக்க சேர்ந்த நீருக்கும் சேர்த்து ஒரு சட்டை தைச்சுக் குடுத்திருக்கிறியள்."

சாம்பவி ஸரீனாவின் புறங்கையைப் பெருவிரலால் அழுத்தி எடுத்தார். மாவில் விரல் வைத்தாற்போல ஒரு குழி நின்றது. அது மெல்ல மெல்ல நிரம்பி மறைவதை மூவரும் பார்த்தார்கள்.

"குழி விழுகுது. இது நல்லது. இன்னும் தண்ணிதான். கனகாலம் இப்பிடியே விட்டா, தேங்கின இடத்தில தோல் தடிச்சு இறுகிடும். பிறகு அமத்தினாலும் குழி விழாது. அப்ப நீங்களும் நானும் என்ன தைச்சாலும் இந்தக் கை திரும்பி வராது. அக்கா இடியப்பம் பிழியுறதை மறக்க வேண்டியதுதான்."

ஜைனுதீன் ஸ்டூலிலிருந்து எழுந்தார். "அளவு எப்ப எடுக்கணும்?" என்றார்.

"இப்ப இல்லை. முதல்ல வீக்கத்தை இறக்குவம்."

சாம்பவி விரல்களிலிருந்து தொடங்கி அக்குள் வரை கைக்குக் கட்டுப் போட்டார். கீழே இறுக்கம், மேலே போகப் போக இளக்கம். ஜைனுதீன் பக்கத்தில் நின்று பார்த்தார். இந்த முறை யாரும் முதுகைத் திருப்பிக்கொள்ளவில்லை. கட்டோடு பயிற்சியும் கொடுக்கப்பட்டது. முதலில் ஆழமாக மூச்சு; பிறகு தோளைச் சுழற்றுவது; கடைசியில் முஷ்டியை மூடித் திறப்பது. காயமும் சூட்டுக்கொப்புளமும் படாமல் கையைக் காப்பாற்ற வேண்டும். சாவடி இல்லாத பாதையில் கிருமிக்குக் கொண்டாட்டம்.

வீட்டு முற்றத்தில் ஸரீனா பயிற்சி செய்வதை நுஸ்ரா ராத்தா வேலிக்கு மேலால் பார்த்தார்.

"மூச்சு விட்டா கை வத்துமா? அப்புடின்னா நாங்க எல்லாரும் ஈர்க்குச்சி மாதிரி ஈக்கணுமே!"

"மூச்சு இழுக்கக்குள்ள நெஞ்சு தண்ணிய மேல இழுக்குமாம், ராத்தா."

"தண்ணி குடிக்கிறியா?"

"வயிறு நிறைய."

"அல்லாஹ்தான் காப்பாத்தணும்," என்றார் நுஸ்ரா ராத்தா. இந்த ஒன்றில் அவருடைய வைத்தியத்தை யாரும் மறுக்கவில்லை.

கட்டு தன் வேலையைச் செய்தது. வளையல் இறுகிய இடத்தில் மணிக்கட்டு எலும்பு மறுபடி தென்பட்டது. ஒரு நாள் சுபஹு தொழுதுவிட்டு வந்த ஜைனுதீன், அவள் கட்டிலை விட்டு இறங்குமுன் அளவு நாடாவோடு நின்றார். ஸரீனா அவரைச் சந்தேகமாகப் பார்த்தாள்.

"மிஸ் பாக்காம ஏத்த மாட்டேன்."

"ஏத்த வேணாம். அளந்துக்குறேன்."

விரலடியில் தொடங்கி, விரற்கடை தூரத்துக்கு ஒரு புள்ளி வைத்து, தோள் வரை அளந்தார். கோட்டுக்குக்கூட அவர் இத்தனை இடத்தில் அளந்ததில்லை. முன்பெல்லாம் அளந்ததோடு கொஞ்சம் கூட்டி வெட்டுவார். இப்போது அளந்ததில் கொஞ்சம் குறைத்து வெட்ட வேண்டியிருந்தது. துணி இழுபட்டுக் கையை அமுக்க வேண்டுமே. கீழே அதிகமாகக் குறைத்து, மேலே போகப் போகக் குறைப்பைக் குறைத்தார். கத்தரி இரண்டு முறை கோட்டில் நின்று திரும்பியது. உடம்புக்கு இடம் விடுவதுதான் தொழில் என்று நம்பி வாழ்ந்தவருக்கு, உடம்பை நெருக்குவது தன் பெயரைத் தானே கெடுப்பதுபோல இருந்தது.

வெறும் ஓட்டுத் தையலோடு அதை டவுனுக்குக் கொண்டுபோனார். மாப்பிள்ளைகளுக்கெல்லாம் ட்ரையல் பார்ப்பவர், மனைவிக்குப் போன தடவை பார்க்காமல் விட்டிருந்தார். சாம்பவி சட்டைக்கையை ஏற்றி, ஸரீனாவை ஆஸ்பத்திரி நடைபாதையில் முஷ்டியை மூடித் திறந்தபடி நடக்கவிட்டார். திரும்பி வந்தபோது விரல்கள் மெலிந்தே இருந்தன, நிறம் மாறவில்லை. ஆனால் கழற்றிப் பார்த்தால் உட்புறத் தையல் நெடுகச் சிவந்த கோடு. முழங்கை மடிப்பிலும் துணி சுருண்டு ஒரு தடம்.

"அண்ணை, அழுத்தம் சரி. தையல் தோலில உரசுது. இதால தோல் வெடிச்சா எல்லாம் வீண். முழங்கையில துணி குவியாமலும் வெட்ட வேணும்."

"தையல் உள்ளுக்குத்தானே வரும்? வேற எங்க வரும்?"

"வெளியில."

தைத்த ஓரம் வெளியே தெரிய ஓர் உடுப்பா? அது சாரத்தை உட்புறம் வெளியே வர மறித்துக் கட்டிக்கொண்டு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போவது போன்றது. ஆனால் சாம்பவியோடு விவாதித்து என்ன நடக்கும் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. வீட்டுக்கு வந்து பிளேடால் இழையிழையாகப் பிரித்தார். ஓரங்களை வெளியே தள்ளி, தட்டையாக்கி, இழுத்தால் அறாத வளைவுத் தையல் போட்டார். முழங்கை மடிப்புக்குத் தனியாக ஒரு துண்டு வெட்டிச் சேர்த்தார். விரல் முட்டி வரை உள்ளங்கையையும் மூடினார். கடைக்கு வந்தவர்கள் மேசையில் அதைப் பார்த்தார்கள்.

"நாநா, கைய மறிச்சுத் தைச்சிருக்கீங்களே. கண் மங்கிடுச்சோ?"

"மறிச்சுத்தான் தைக்கணும்."

"யாருக்கு?"

"சரியான அளவுள்ள ஆளுக்கு," என்று சொல்லிவிட்டு ஜைனுதீன் மெஷினை மிதித்தார். வந்தவர் தன் கோட்டை எடுத்துக்கொண்டு, வழியெல்லாம் அதன் உட்புறத்தைப் புரட்டிப் பார்த்தபடி போனார்.

சாம்பவி கடைசியாகப் பார்த்தபோது மணிக்கட்டில் ஒரு விரலையும், மேல் முனையில் இரண்டு விரல்களையும் நுழைத்துப் பார்த்தார். பிறகு ஸரீனாவின் புறங்கையை அழுத்தினார். சின்னக் குழி விழுந்தது. பார்க்கப் பார்க்கவே நிரம்பியது. தோல் எங்கும் தடிக்கவில்லை. "பிழியலாம்," என்றார். "கொஞ்சம் கொஞ்சமா. ஆவிப் பானையை மட்டும் வேற ஆரும் இறக்கட்டும். விடிய எழும்பின உடன போடுங்கோ, படுக்கேக்க கழட்டுங்கோ."

அன்று மாலை ஜைனுதீன் எஞ்சிய இழைகளைக் கத்தரித்து, சவர்க்கார நீரில் அலசி, நிழலில் காயப் போட்டார். விடியலில் எடுத்துப் பார்த்தபோது உலர்ந்திருந்தது. இம்முறை அதை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பிப் பார்க்கவில்லை. அடுப்படியில் அரிசிமா வறுத்து ஆறியிருந்தது. உரல் அலமாரிக்கு மேலிருந்து இறங்கி, கழுவிக் கவிழ்க்கப்பட்டிருந்தது. ஸரீனா கட்டிலிலிருந்து எழுந்து வந்து, தண்ணீர் குடித்துவிட்டு நின்றாள்.

"பானைய நான் இறக்குறேன்," என்றார்.

"மொதல்ல அதைத் தாங்க. கை வீங்க முந்தி."

அவர் சட்டைக்கையை மணிக்கட்டுப் பக்கம் வரை சுருட்டி, போட வசதியாக அதன் வாயை அகலப் பிடித்து நீட்டினார். ஸரீனா இடது கையால் வாங்கிக்கொண்டாள்.